சாவடி 300: ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை

தமிழ்நாட்டிலிருந்து புனித நாட்டுப் பயணம் போகிறவர்கள் யாரும் பெத்லகேமைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அரசு மானியம் வந்த பிறகு எங்கள் சபையிலிருந்தே பல குடும்பங்கள் போய் வந்துவிட்டன. ஜெருசலேமில் ஏசி பஸ் ஏறி, பாட்டுப் பாடிக்கொண்டே பத்து கிலோமீட்டர் போனால் இயேசு பிறந்த இடத்து ஆலயம் வந்துவிடும். வழியில் எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட் சுவர் ஒன்று குறுக்கிடும். சுற்றுலாப் பஸ் என்றால் பெரும்பாலும் நிறுத்தக்கூட மாட்டார்கள். வழிகாட்டி அடுத்த இடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், சுவர் பின்னால் போய்விடும்.

2018 அக்டோபரில் நானும் அப்படித்தான் அதைக் கடந்தேன். குழு ஊர் திரும்பிய பிறகு நான் மட்டும் பெத்லகேமில் தங்கினேன். அங்கே ஒரு ஆராதனையில் பழக்கமானவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத் திருச்சபைகள் மன்றம் 2002-ல் தொடங்கிய இ.ஏ.பி.பி.ஐ. என்ற திட்டத்தின் தொண்டர். உள்ளூர்த் திருச்சபைத் தலைவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆரம்பித்த திட்டம் அது. பல நாட்டுக்காரர்கள் வந்து மூன்று மாதம் தங்கி, சோதனைச் சாவடிகளிலும் பள்ளிக்கூட வழிகளிலும், விவசாயிகள் தங்கள் நிலத்துக்குப் போகச் சுவரில் விட்டிருக்கும் வயல் கதவுகளிலும் நின்று, நடப்பதை எழுதி வைக்கிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு வாருங்கள். அன்றுதான் கூட்டம் அதிகம்" என்றார். இஸ்ரேலில் வாரத்தின் முதல் வேலைநாள் ஞாயிறு.

சாவடி 300 என்பது பெத்லகேமுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவில் இருக்கும் இஸ்ரேலின் சோதனைச் சாவடி. பெத்லகேம் பக்கத்திலிருந்து போனால் முதலில் சுவரை ஒட்டி நீளமான ஒரு நடைவழி. இரண்டு பக்கமும் கம்பி, மேலே தகரக் கூரை. இரண்டு பேர் தோளோடு தோள் உரசி நிற்கும் அளவுதான் அகலம். நாங்கள் போனபோது அது நிரம்பி வெளியே தெருவரைக்கும் ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் ஜெருசலேம் பக்கம் வேலைக்குப் போகும் பாலஸ்தீன ஆண்கள். கொத்தனார், தச்சர், பூச்சு வேலைக்காரர், பெயின்டர். பிளாஸ்டிக் பையில் சாப்பாடு, வாயில் சிகரெட். எள் தூவிய வளைய ரொட்டியும் ஏலக்காய் போட்ட காப்பியும் விற்கும் தள்ளுவண்டிகளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் வெளிச்சம். இள வயதுக்காரர்கள் சிலர் கம்பியின் வெளிப்பக்கமாகத் தொற்றி ஏறி, வரிசையில் நின்றவர்களின் தலைக்கு மேலே நடந்து முன்னால் குதித்தார்கள். பெரியவர்கள் திட்டினார்கள். பிறகு அவர்களே நகர்ந்து இடமும் விட்டார்கள்.

நடைவழி முடிகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு இரும்புச் சுழல் கதவு. அதைத் திறப்பதும் பூட்டுவதும் உள்ளே உட்கார்ந்திருக்கும் சிப்பாயின் கையில். பச்சை விளக்கு எரிந்தால் கதவு சுழலும், பத்துப் பதினைந்து பேர் போவார்கள், சட்டென்று நிற்கும். நிற்கும்போது யாராவது ஒருவர் கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வார். நான் பார்க்கும்போது மாட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. சாப்பாட்டுப் பை நசுங்காமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் முகத்தில் அதற்குப் பழகிப்போன களைப்பு மட்டும் இருந்தது.

அந்த அம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்று கையிலிருந்த எண்ணும் கருவியைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு ஆள், ஒரு அமுக்கு. அரைமணிக்கு ஒருமுறை எண்ணிக்கையை நோட்டில் குறிப்பார். எத்தனை சோதனை ஜன்னல்கள் திறந்திருக்கின்றன, கதவு எத்தனை நிமிடம் பூட்டிக் கிடந்தது, பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் என்று வைத்திருக்கும் தனி வழி திறந்ததா, யாரைத் திருப்பி அனுப்பினார்கள், என்ன காரணம் சொன்னார்கள். எல்லாம் நேரம் போட்டு எழுத வேண்டும். தனி வழி பூட்டிக் கிடந்தால் ராணுவ அலுவலகத்துக்குப் போன் செய்வார்கள். அன்றைக்கும் செய்தார். கையில் குழந்தையோடு மருத்துவமனைக்குப் போக நின்ற ஒரு பெண், போன் போய் வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே போனாள்.

இவ்வளவு தூரம் வந்து எண்ணிக்கொண்டிருப்பதால் என்ன பயன் என்று கேட்டேன். "நாங்கள் இருக்கும்போது சிப்பாய்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்துகிறார்கள். அதைவிட, இது நடக்கவே இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது" என்றார். நிறவெறி ஆட்சியில், கறுப்பினத்தவர் எங்கே போனாலும் காட்ட வேண்டியிருந்த பாஸ் புத்தகத்தோடு வளர்ந்தவர் அவர். அதைச் சொல்லும்போதும் விரல் அமுக்குவதை நிறுத்தவில்லை.

சுழல் கதவைத் தாண்டினால் முடிந்துவிடாது. கட்டடத்துக்குள் மெட்டல் டிடெக்டர், பெல்ட் கழற்று, பூட்ஸ் கழற்று, பிறகு அடையாள அட்டை, இஸ்ரேல் பக்கம் வேலைக்குப் போவதற்கான பெர்மிட், கைரேகை. ஹெப்ரான் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பூச்சு வேலைக்காரர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து கிளம்பியிருந்தார். ஜெருசலேமில் வேலை தொடங்குவது ஏழு மணிக்கு. சாவடி எப்போது அரைமணியில் விடும், எப்போது மூன்று மணி நேரம் ஆகும் என்று தெரியாது, அதனால் தினமும் மூன்று மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டே கிளம்ப வேண்டும். சீக்கிரம் தாண்டிய நாட்களில் அந்தப் பக்கம் அட்டையை விரித்துப் படுத்துக்கொள்வாராம். பிள்ளைகள் விழித்திருக்கும் முகத்தை வெள்ளி, சனியில்தான் பார்ப்பாராம். பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அவர் வேண்டாம் என்று சொன்ன அன்று பெர்மிட்டும் போச்சு. தரகர்களிடம் மாதம் 2,000 ஷெக்கலுக்கு மேல் கொடுத்து வாங்கியவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

இஸ்ரேல் சொல்லும் காரணத்தையும் எழுதியாக வேண்டும். இரண்டாவது இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சியின்போது பஸ்களிலும் உணவகங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து நூற்றுக்கணக்கான இஸ்ரேலியர்கள் இறந்தார்கள். 2002-ல் சுவர் கட்டத் தொடங்கியது அதனால்தான் என்கிறது அரசு. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் திட்டமிட்ட சுவரின் பாதையில் சுமார் 85 சதவீதம், இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரைக்கு உள்ளேயே ஓடுகிறது. சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலையில் அது சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்னது. பெரும்பாலான சாவடிகளும் தடுப்புகளும் பாலஸ்தீன ஊருக்கும் பாலஸ்தீன ஊருக்கும் நடுவில்தான் நிற்கின்றன. 2018 ஜூலையில் ஐ.நா. கணக்கெடுத்தபோது மேற்குக் கரையில் 705 தடைகள் இருந்தன. சாவடி, இரும்புக் கேட், மண்மேடு, கான்கிரீட் கட்டை எல்லாம் சேர்த்து.

அதே வாரம் ரமல்லா வழியிலிருக்கும் கலந்தியா சாவடிக்குப் போனபோது, ஜெருசலேம் பக்கத்திலிருந்து வந்த இரண்டு இஸ்ரேலியப் பெண்களைப் பார்த்தேன். இருவருக்கும் எழுபது வயதுக்கு மேல். சாவடிகளைக் கண்காணிக்கும் மக்சோம் வாட்ச் என்ற இஸ்ரேலிய அமைப்பைச் சேர்ந்தவர்கள். 2001-ல் மூன்று பெண்கள் தொடங்கியது, இன்றும் பெண்கள் மட்டுமே உறுப்பினர்கள். அயல்நாட்டுத் தொண்டர்களை விட இவர்கள் வேலை கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று மாதம் முடிந்தால் நாம் விமானம் ஏறிவிடலாம். இவர்களை துரோகி என்று திட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். சாவடியில் நிற்கும் சிப்பாய்க்குப் பேரன் வயது. அவன் பேசுவதும் இவர்கள் பேசுவதும் ஒரே மொழி. பாதுகாப்புத் துறை தடை விதித்து பெர்மிட் மறுக்கப்பட்டவர்களுக்கு முறையீட்டு மனு எழுதிக் கொடுப்பதும் இவர்கள்தான்.

2004 நவம்பரில் நாப்லுஸ் அருகே பேய்த் இபா சாவடியில், சோதனைக்கு நின்ற ஒரு பாலஸ்தீனர் சிப்பாய்கள் முன்னால் வயலின் வாசிப்பதைப் படம் பிடித்தவரும் இந்த அமைப்பின் தொண்டர் ஒருவரே. யூதர்களை நாஜி முகாம்களில் வாத்தியம் வாசிக்க வைத்த நினைவு இஸ்ரேலியர்களுக்கு வந்தது. நாடே கொந்தளித்தது. அன்று அந்தக் கேமரா அங்கே இல்லாவிட்டால் அவர் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார், அவ்வளவுதான்.

ஹெப்ரானில் இன்னொரு கண்காணிப்புக் குழு இருந்தது. 1994 பிப்ரவரியில் இப்ராஹிமி மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை, மேற்குக் கரையில் குடியேறியிருந்த ஒரு யூதர் சுட்டுக் கொன்ற பிறகு, இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் ஒப்புக்கொண்டு வரவழைத்த சர்வதேசக் குழு. 2019 ஜனவரியில் அதன் அனுமதியை நீட்டிக்க இஸ்ரேல் மறுத்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்தச் சாவடிகளைக் கடக்கும்போது பார்க்கிற கண்கள் அத்தனை குறைந்தன.

சாவடி 300-ல் 2019-ல் தானியங்கிக் கதவுகளும் முகம் அடையாளம் காணும் கேமராக்களும் வந்தன. வரிசை வேகமானது, உண்மைதான். 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு அந்த வரிசையே இல்லாமல் போனது. ஹமாஸ் தாக்குதலைத் தொடர்ந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பெர்மிட்டுகளை இஸ்ரேல் நிறுத்தியது. சுவருக்கு அப்பால் ஒலிவத் தோட்டம் வைத்திருந்தவர்கள் பலர் அந்த ஆண்டு அறுவடைக்குப் போகவே முடியவில்லை. 2025 தொடக்கத்தில் ஐ.நா. எண்ணியபோது தடைகள் 849. எனக்கு அந்த எண்ணைப் படித்ததும் வந்த முதல் கவலை அந்தப் பூச்சு வேலைக்காரரின் குடும்பத்தைப் பற்றித்தான். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்தாவது கிடைத்துக்கொண்டிருந்த கூலி அது.

2014 மே 25 அன்று போப் பிரான்சிஸ் பெத்லகேமில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தச் சுவரில் கைவைத்து, நெற்றியைச் சாய்த்து ஜெபித்தார். அவருடைய நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. நம் ஊர்க் குழுக்களும் வழிகாட்டியிடம் கேட்கலாம்: திரும்பும்போது பஸ்ஸில் வேண்டாம், சாவடியை நடந்து கடக்கிறோம் என்று. கையில் பாஸ்போர்ட் போதும். அந்தப் பக்கம் ஜெருசலேம் பழைய நகரின் டமாஸ்கஸ் வாசலுக்கு 234-ஆம் எண் பஸ் நிற்கும். நிலைமை சரியில்லை என்று வழிகாட்டி மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், ஊர் திரும்பிய பிறகு மக்சோம் வாட்ச் பெண்களின் அறிக்கைகளைப் படியுங்கள். சாவடி வாரியாக, தேதி வாரியாக, 2001-லிருந்து இணையத்தில் இருக்கின்றன.