ஹெல்மெட்டுக்காக மூன்று முறை மலையிறங்கினேன்

நாலு மாதம் கழித்து, ஒருவழியாக என் பாசினெட், அதாவது பழங்கால வீரர்கள் போட்ட மாதிரி முகமூடி வைத்த இரும்பு ஹெல்மெட், குன்னூர் வந்து சேர்ந்துவிட்டது. புஹுர்ட், அதாவது இரும்புக் கவசம் போட்டு மழுங்கிய ஆயுதங்களால் நிஜமாகவே அடித்துக்கொள்ளும் விளையாட்டு, ஆட ஆசைப்படும் மலைக்காரர்கள் என்னைப் போல அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் ஆர்டர் வடக்கே ஒரு பட்டறையில். 14 கேஜ், அதாவது 2 மில்லி தகடு என்று பில்லிலேயே இருந்தது. நம்பிப் பணம் கட்டினேன். பார்சல் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிட்டது, நேரில் வந்து எடுக்கச் சொன்னார்கள். போனால், பில்லில் ‘ஹெல்மெட்’ என்ற சொல்லைப் பார்த்த குமாஸ்தா, “ஐஎஸ்ஐ முத்திரை எங்கே சார்?” என்றார். 2021 ஜூனிலிருந்து அது கட்டாயம்தான், ஆனால் இருசக்கர வண்டி ஹெல்மெட்டுக்கு. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அனுப்பியவரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லிவிட்டார். பதினாலு கொண்டை ஊசி வளைவும் வெறுங்கையோடு ஏறினேன்.

அடுத்த வாரம் கடிதத்தோடு போனேன். அவர் லீவு. வேறொருவர் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். பில்லில் ‘விளையாட்டுக் கவசம்’ என்று போடச் சொல்லுங்கள், ஒரு நாள் மிச்சம்.

வீட்டில் தூக்கிப் பார்த்ததுமே சந்தேகம். முகமூடியோடு சேர்த்து 2.3 கிலோதான் இருந்தது. தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறை அண்ணன் ஓரத்தில் தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்தார்: 1.2 மில்லி.

“தம்பி, இது 18 கேஜ். ஷோகேஸ்ல வைக்கிற சாமான்.”

பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தினார். எண்ணெய் டின் மூடி மாதிரி டப்பென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. கோடரியின் முனை மழுங்கியிருந்தாலும் அடி முழு வேகத்தில்தான் விழும். அந்தத் தகட்டுக்குள் என் தலை இருந்திருக்கும் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது. இரண்டு மாதம் சண்டை போட்டும் பாதிப் பணம்தான் திரும்ப வந்தது.

இரண்டாவது ஆர்டர் வேறு ஆளிடம். தகட்டின் ஓரத்தில் வெர்னியர் வைத்து வீடியோ அனுப்பினால்தான் பணம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அனுப்பினார், 2.6 மில்லி. முன்பு தலைச் சுற்றளவு மட்டும்தான் கொடுத்திருந்தேன், அது போதாது. பஞ்சு வைத்துத் தைத்த குல்லாவை மாட்டிக்கொண்டு அளவெடுங்கள். நெற்றியிலிருந்து பின்மண்டை, காதுக்குக் காது, உச்சியிலிருந்து தாடை, மூன்றும் வேண்டும்.

மூன்றாவது பயணத்தில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 4.8 கிலோ. தாடைப்பட்டையை இறுக்கியதும் நண்பன் முகமூடியைப் பிடித்து ஆட்டினான். தலையோடுதான் ஹெல்மெட் திரும்பியது, தனியாகச் சுழலவில்லை. அப்படிச் சுழன்றால் கண் இடுக்கு காதுப் பக்கம் போய் ஒன்றும் தெரியாது, அதை வாங்காதீர்கள்.

அப்புறம், நம்ம ஊர் மூடுபனி. ஜன்னலோரம் மூன்றே நாள் வைத்தேன், ரிவெட்டைச் சுற்றி மஞ்சள் கறை மாதிரி துரு பிடித்துவிட்டது. பயிற்சி முடிந்ததும் உள்பக்கமும் துடைத்து மெஷின் ஆயில் தடவுங்கள். குல்லாவைக் கழற்றி அடுப்படியில் காயவையுங்கள். மழைக்காலத்தில் கொடியில் போட்டால் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது.

நேற்று முதல் அடி வாங்கினேன். சத்தம்தான் பெரிது. கழற்றித் தடவிப் பார்த்தேன், உச்சியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. குழியே இல்லை.