வலப்பக்கம் இழுத்த ரம்பம் மூன்று ஓட்டத்தில் நேரானது

25 மில்லிமீட்டர் ஆழம் இறங்குவதற்குள் ஒன்றரை மில்லிமீட்டர் வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த புறாவால் ரம்பம் (புறாவால் மூட்டு, அதாவது டவ்டெயில், அறுக்கும் சிறு ரம்பம்), இப்போது கால் மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. அரம் தொடவில்லை, பல்லை வளைக்கவில்லை. எண்ணெய்க்கல்லை மூன்றே மூன்று தடவை ஓட்டியதோடு சரி. கையால் செய்த ரம்பம் வாங்கி, ஒரு மாதத்தில் "ஏமாந்துட்டோமோ" என்று பெட்டியில் போட்டு வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுக்கலாம்.

ரம்பம் தனியாள் பட்டறையில் ஆர்டர் கொடுத்துச் செய்தது. 10 இஞ்ச் தகடு, 0.5 மி.மீ. கனம், 1095 ஸ்பிரிங் ஸ்டீல், இஞ்சுக்கு 15 புள்ளி, நெடுக்கு அறுப்புப் பல், மடித்த பித்தளை முதுகு (தகட்டின் மேல்விளிம்பைக் கவ்விப்பிடிக்கும் பட்டை). ஆர்டர் சொல்லும்போது புள்ளியா பல்லா என்று தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். புள்ளி என்பது ஓர் இஞ்சின் இரண்டு எல்லையிலும் நிற்கும் பல் நுனியையும் சேர்த்து எண்ணுவது, அதனால் இஞ்சுக்கு 15 புள்ளி என்றால் 14 பல்தான். கைப்பிடிக்கு நான்கு விரல் முட்டிகளுக்குக் குறுக்கே உள்ளங்கை அகலத்தை மில்லிமீட்டரில் எழுதி அனுப்பினால் போதும். ஆள்காட்டி விரல் வெளியே நீண்டிருக்க மூன்று விரல்தான் உள்ளே போகும். அதைச் சொல்லாவிட்டால் நான்கு விரலுக்கு வெட்டி, பிடி லூசாக வந்து சேரும்.

சொல்ல விட்டுப்போவது இன்னொன்று: எந்த மரத்தை அறுக்கப் போகிறோம் என்பது. செய்பவர் தன் பட்டறையில் சோதித்துப் பார்க்கும் மரத்துக்குத்தான் பல் விரிவு (பற்களை மாறி மாறி இரண்டு பக்கமும் வெளியே வளைத்திருக்கும் அளவு) வைப்பார். ஈரமான மரத்துக்கும் மென்மரத்துக்கும் விரிவு கூடுதலாக வேண்டும். நாம் இங்கே குமரி மாவட்டத்தில் அறுப்பது நன்றாக உலர்ந்த அயனி (கேரளத்தில் ஆஞ்சிலி என்பார்கள்), பலா, தேக்கு. இந்த ரம்பத்தில் பல் நுனியில் வெர்னியர் வைத்தால் 0.72 காட்டியது. அரை மில்லிமீட்டர் தகட்டுக்கு அது அதிகம். வெட்டுத் தடத்துக்குள் தகடு ஆடும், ஆடினால் கோட்டில் நிற்காது.

விரிவு கூடியதால் மட்டும் ரம்பம் ஒரே பக்கம் இழுக்காது. அதற்கு ஒரு பக்கத்துப் பற்கள் மறுபக்கத்தைவிடக் கூடுதலாக வெளியே நிற்க வேண்டும். எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம்தான் ஓடும். இந்த வித்தியாசம் வெர்னியரில் தெரியாது, அது இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் அளக்கும். வெட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

20 மி.மீ. கனத்தில் ஓர் அயனித் துண்டு. தலைப்பகுதியில் 10 கோடுகள், எல்லாம் சதுர மட்டம் வைத்துப் போட்டவை. ரம்பத்தைக் கோட்டில் வைத்துத் தொடங்கியபின் கையால் திருத்தவே கூடாது. பிடியைத் தளர்வாகப் பிடித்து, ரம்பத்தின் எடையிலேயே 25 மி.மீ. இறங்கவிட வேண்டும். திருத்திக்கொண்டே அறுத்தால் ரம்பத்தின் குறை தெரியாது. பத்தில் எட்டு வெட்டு வலப்பக்கம் போயிருந்தது. இடமும் வலமுமாகச் சிதறியிருந்தால் அது கைக்கோளாறு, ரம்பத்தைத் தொடாதீர்கள். அடுத்து பலகையைத் தலைமாற்றி மறுமுனையில் இன்னும் நான்கு. அயனியில் நார் மாறி மாறிப் பின்னியிருக்கும், அதுவே தகட்டை இழுத்துவிடலாம். தலைமாற்றியும் வலம்தான் என்றால் மரத்தின் மேல் பழி இல்லை.

இனி கல். நைஸ் எண்ணெய்க்கல், ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். ரம்பத்தை மேசையில் படுக்கப்போட்டு, பிடி மேசை விளிம்புக்கு வெளியே தொங்க, இழுக்கும் பக்கம் (இங்கே வலப்பக்கம்) மேலே. கல் தகட்டின் மேல் தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். அடியிலிருந்து முனைவரை ஒரே ஓட்டம், கல்லின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கிடையாது. பல் நுனிகளில் ஊசிமுனை அளவு பளபளப்பு வரும். சில பற்களில் வந்து சிலவற்றில் வரவில்லை என்றால், வந்தவைதான் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தவை. உடனே எண்ணெயைத் துடைத்து மூன்று வெட்டு. முதல் ஓட்டத்தில் விலகல் ஒன்றரையிலிருந்து ஒன்றுக்கு வந்தது. இரண்டாவதில் அரை. மூன்றாவதில் கால். அதோடு நிறுத்தியாயிற்று. வெட்டிப் பார்க்காமல் இரண்டு ஓட்டம் சேர்த்து ஓட்டக் கூடாது. கூடிப்போனால் ரம்பம் மறுபக்கம் இழுக்கும், அதைச் சரிசெய்ய மறுபக்கமும் கல் ஓட்ட, விரிவு மொத்தமும் போய் தகடு மரத்துக்குள் சிக்கும். பிறகு பல்லை மறுபடி வளைப்பதைத் தவிர வழியில்லை. ஒருமுறை வளைத்த பல்லை எதிர்த்திசையில் வளைத்தால் பொட்டென்று ஒடிந்துவிடக்கூடும்.

பல்வரிசைக்கு இரண்டு பக்கமும் காகிதம் வைத்து வைஸில் நெருக்குகிற முறையைச் சிலர் சொல்வார்கள். மொத்த விரிவைக் குறைக்க அது நல்ல முறைதான். ஆனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும், ஒருபக்க இழுப்பு அதில் தீரும் என்று சொல்ல முடியாது. அதற்குக் கல்தான்.

மடித்த முதுகு உள்ளவர்கள் கல்லை எடுக்குமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். பல்வரிசையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளமாகப் பார்த்தால் நெளிவு தெரிகிறதா? தெரிந்தால் தகடு முதுகுக்குள் நகர்ந்திருக்கிறது. பார்சலில் ஒரு தட்டு போதும். மரச் சுத்தியலால் முதுகை முனைப்பக்கம் லேசாகத் தட்டினால் தகடு மறுபடி இழுத்து நிற்கும். நெளிந்த தகட்டில் கல் ஓட்டினால் நல்ல பல்லையும் கெடுத்துவிடுவோம்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு: நமக்கு இரண்டு மழையும் உண்டு, குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றும் சேரும். கார்பன் ஸ்டீல் ஒரே இரவில் துருப்பொட்டு வைக்கும். நல்லெண்ணெய் வேண்டாம், அது காய்ந்து பிசுபிசுப்பாகித் தூளைப் பிடிக்கும். தேங்காயெண்ணெய் அப்படிக் காயாது, ஆனாலும் நாள்பட்டால் சிக்குவாடை வரும். தையல் மெஷின் எண்ணெய்தான் நிம்மதி. அறுக்கும்போது தகட்டில் மெழுகுவர்த்தியை இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டால் அயனியில் நன்றாக வழுக்கும்.

பிடியின் பித்தளைத் திருகு மாசி, பங்குனியில் லூசாகும், மரம் சுருங்குவதுதான் காரணம். பிளவுத் தலைத் திருகின் நடுவே தண்டு நிற்கும், பள்ளம் அதன் இரண்டு பக்கமும்தான்; அதற்கு சாதாரண ஸ்க்ரூடிரைவர் பொருந்தாது, தலை கிழியும். பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் நுனியில் நடுவே அரத்தால் பள்ளம் வெட்டி, இரண்டு கொம்பு மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும். கால் சுற்றுக்கு மேல் முடுக்காதீர்கள், மென்மையான பித்தளை முறிந்துவிடும்.

அடுத்து 14 இஞ்ச், 12 புள்ளி நாக்கு ரம்பம் (நாக்கு மூட்டு, அதாவது டெனன், அறுப்பது) ஆர்டர் செய்ய வேண்டும். இந்தமுறை பிடி இல்லாமல், தகடும் முதுகும் திருகும் மட்டும். பிடிக்குப் பலா. தக்கலைப் பக்கத்து மில்லில் 25 மி.மீ. பலகைத் துண்டு விலைக்குக் கிடைக்கும், வயிரம் பார்த்து எடுக்க வேண்டும். வரைபடத்தைப் பலகையில் ஒட்டும்போது, விரல் பிடிக்கிற ஒடுங்கின கழுத்தின் நீளவாக்கில் நார் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் வீழ்ச்சியிலேயே கழுத்து ஒடியும்.

புறாவால் ரம்பத்தில் இன்னும் ஒரு வேலை பாக்கி. பல்லின் முகம் நேர்செங்குத்தாக இருப்பதால் வெட்டைத் தொடங்கும்போது குத்தி நிற்கிறது. முனையிலிருந்து முதல் ஒரு இஞ்ச் மட்டும் முகத்தை 8 டிகிரி பின்சாய்த்து அரம் போட வேண்டும். அதற்கு 4 இஞ்ச் முக்கோண அரத்தில் இருப்பதிலேயே மெல்லியது தேவை. நாகர்கோவில் ஹார்டுவேர் கடைகளில் கேட்டதற்குத் தடித்ததைத்தான் எடுத்துப் போடுகிறார்கள், அது இந்தப் பல்லின் பள்ளத்தில் இறங்காது. மெல்லியதை ஆன்லைனில் மூன்றாகச் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறது. ஓர் அரம் இரண்டு முறை போடுவதற்குள் தேய்ந்துவிடும்.