கொப்பிக்குள் பேராலயம்

எங்கள் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் இந்த முறை "உங்களுக்குப் பிடித்த ஆசிரியரைப் பற்றி எழுதுங்கோ" என்று கேட்டார்கள். பிடித்த ஆசிரியர் என்றால் நான் எழுதவேண்டியது கணிதம் படிப்பித்தவரைப் பற்றி. ஆனால் 2024 மார்கழியில் காலமானவர் எங்கள் சரித்திர மாஸ்ரர். எங்கள் காலத்தவர்களுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. வேட்டி, முழங்கைவரை மடித்த சேர்ட், றலி சைக்கிள், சட்டைப்பையில் எப்போதும் சோக்குத் துண்டு. அவரை எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் உடனே பதில் வராது.

ஐரோப்பியச் சரித்திரத்தில் பேராலயங்களுக்குப் பாடத்திட்டம் ஒதுக்கியது அரைப்பக்கம். மாஸ்ரர் அதை ஒரு தவணை முழுக்க இழுப்பார். பிரெஞ்சுப் புரட்சிக்கு நேரம் காணாமல் போய், அதைச் சனிக்கிழமை வகுப்பில் ஓட்ட ஓட்டமாக முடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இத்தனைக்கும் அவர் கடல் கடந்து போனது சிதம்பரம் பார்க்க ஒரு தடவைதான். பேராலயங்களை எல்லாம் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் இருந்த ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகத்தில் பார்த்து, கொப்பியில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். புத்தகம் 1981இல் நூலகத்தோடு எரிந்து போயிற்று. கொப்பிகள் அவர் வீட்டில் இருந்ததால் தப்பின.

இடைக்கால ஐரோப்பியப் பேராலயங்களின் கட்டடப் பாணியான கோதிக் என்றவுடன் எல்லாரும் கோபுர உயரத்தைப் பேசுவார்கள். மாஸ்ரர் தொடங்குவது பாரத்தில். அரைவட்ட வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, பக்கத்துக்கும் தள்ளும். அதற்காக அதற்கு முந்தியவர்கள் சுவரைத் தடிப்பாகக் கட்டினார்கள், யன்னலைச் சின்னதாக வைத்தார்கள், உள்ளே இருட்டாக இருந்தது. வளைவின் உச்சியைக் கூராக்கினால் பக்கத் தள்ளல் குறைகிறது. அரைவட்டத்தின் உயரத்தை அதன் அகலம் தீர்மானித்துவிடும். கூர்வளைவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒடுங்கிய வளைவையும் அகன்ற வளைவையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரலாம், நீள்சதுரமான இடத்துக்கும் கல்லால் கூரை போடலாம்.

அப்புறம் விலாக்கள். மூலைக்கு மூலை குறுக்காகக் கல் விலாக்களை மரச்சட்டத்தின் மேல் கட்டி நிறுத்திவிட்டு, இடைவெளியை மெல்லிய கல்லால் நிரப்புவார்கள். "கைமரம் போட்டாப் பிறகு கிடுகு வேயிறேல்லையே, அதுதான்" என்பார். 1093இல் தொடங்கிய இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் இந்த விலாக்கள் வந்துவிட்டன. பாரம் பெரும்பாலும் விலாக்கள் சேரும் தூண்களுக்கே இறங்குவதால், தூண்களுக்கு நடுவே இருக்கும் சுவருக்கு வேலை இல்லை. வேலையில்லாத சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். இதைச் சொல்லும்போது கரும்பலகையில் தான் வரைந்த சுவரைத் துடைப்பானால் ஒரே இழுப்பில் அழிப்பார். அந்த இழுப்புக்காகவே வகுப்பு காத்திருக்கும்.

இனி நான் சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

கூர்வளைவிலும் பக்கத் தள்ளல் குறையுமே தவிர இல்லாமல் போகாது. அதைக் காட்ட, அரைச்சுவர் வகுப்பறையில் அன்று அவர் ஆட்களை வைத்தே வளைவு கட்டினார். உயரமான இரண்டு பேர், இருவரும் மாணவத் தலைவர்கள், எதிரெதிரே நின்று தலைக்கு மேலே உள்ளங்கைகளைச் சேர்த்துச் சாய்ந்தார்கள். கதிரையில் ஏறி நின்று அந்தக் கைகளை மேலிருந்து அழுத்த உச்சிக்கல்லாக ஒருவன் தேவைப்பட்டான். நான் கை உயர்த்தினேன். முந்தின வாரச் சோதனையில் இந்தப் பாடத்துக்கு வகுப்பிலேயே கூடப் புள்ளி எனக்கு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ பாரம் காணாது. வெளியிலை போ."

உச்சிக்கல்லாக ஏறியவன் உதைபந்தாட்ட அணியின் கோலி. அவன் அழுத்தியதும் இருவருடைய கால்களும் சீமெந்துத் தரையில் வழுக்கத் தொடங்கின. ஒரு பக்கத்தவனுக்குச் சுவர் இருந்தது. மற்றவனுக்கு அரைச்சுவர். அரைச்சுவருக்கு வெளியே, மணலில், உச்சி வெயிலில் நான் நின்று, கையை உள்ளே நீட்டி அவன் முதுகைத் தாங்கவேண்டும். அதுதான் பறக்கும் உதைகால்: வெளியே நின்று கல் கையை நீட்டிச் சுவரைத் தாங்கும் முட்டு, எங்கள் பேச்சில் முண்டு. வளைவு நின்றது. மாஸ்ரர் விளங்கப்படுத்திக்கொண்டே இருந்தார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க மற்றக் கையை எடுத்தால் முதுகு பின்னுக்கு வந்தது.

அப்போதுதான் அதிபர் அந்தப் பக்கம் வந்தார். பாட நேரத்தில் வெளியே நிற்கிறவனைக் கண்டதும் விசாரணை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பிடரியில் ஒன்று விழுந்தது. உள்ளேயிருந்து மாஸ்ரர் ஆறுதலாகச் சொன்னார்: "அவனை எடுத்தா கூரை விழுந்திடும் சேர். அவன் முண்டு."

நான் கையை எடுத்தேன். கூரை விழுந்தது. கோலி கதிரையோடு சரிந்தான். வகுப்பு சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்புக்கும் தொற்றி, இடைவேளைக்கு முன்பே பாடசாலை முழுக்க "முண்டு" என்ற பெயர் பரவிவிட்டது. பாரிஸில் என் சொந்தப் பெயர் தெரியாத நண்பர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மாஸ்ரர் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் வந்து சேர்ந்த இடம் பாரிஸின் வடக்குப் புறநகரான சென் டெனி. கோப்பை கழுவும் வேலை, இரவு கடைசி மெற்றோ, ஓர் அறையில் பலர். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகும் வழியில் இருந்த பழைய தேவாலயத்தைக் குளிருக்கு ஒதுங்கும் இடமாகத்தான் முதலில் அறிந்தேன். முகப்பில் ஒரு பக்கம் மட்டும் கோபுரம். ஒரு நாள் வாசலில் இருந்த பலகையைத் தட்டுத்தடுமாறி வாசித்தபோது 1144 என்ற ஆண்டு தட்டுப்பட்டது. எனக்கு அது சோதனைக்குப் பாடமாக்கிய ஆண்டு. மடாதிபதி சுஜே பீடத்துக்குப் பின்பகுதியைப் புதிதாகக் கட்டி அபிஷேகம் செய்வித்த ஆண்டு. கூர்வளைவும் விலாவும் அதற்கு முன்பே அங்கங்கே இருந்தவைதான். ஒளிக்காகவே அவை எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்த இடம் இது என்பார் மாஸ்ரர். கோதிக் பிறந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறையில் நெருக்கியடித்துப் படுத்திருந்தோம், ஒருத்தருக்கும் தெரியாது.

பின்பகுதிக்குப் போகக் காசு. முதலில் மனம் வரவில்லை. சம்பளம் கூடியபிறகு போனேன். எல்லாரும் பிரெஞ்சு அரசர்களின் கல்லறைகளைத்தான் பார்ப்பார்கள். நான் நேரே பின்னால் நடந்தேன். பீடத்தைச் சுற்றி இரட்டை நடைபாதை, நடுவே மெல்லிய தூண்கள். வெளிப்புறத்தில் வரிசையாகச் சிற்றாலயங்கள், அவற்றுக்கிடையில் பிரிப்புச் சுவர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு உயரமான யன்னல்கள். ஒரு தூணில் கையை வைத்து மேலே பார்த்தால், அதன் தலையிலிருந்து விலாக்கள் பிரிந்து நாலாபக்கமும் போவது தெரிகிறது. தரையில் நீலமும் சிவப்பும் விழுந்து கிடந்தன. என் சப்பாத்திலும் நீலம்.

அன்றிரவு தொலைபேசி காட் வாங்கி ஊருக்கு எடுத்தேன். பக்கத்துக் கடைத் தொலைபேசிக்கு மாஸ்ரரைக் கூப்பிட்டார்கள். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருக்க, அவர் விசாரணை தொடங்கிவிட்டார்.

"மேல்யன்னல் எல்லாம் பெரிசே?"

"பெரிசு சேர்."

"அது சுஜேயின்ரை இல்லை. அவற்றை வேலை கீழ்ப்பகுதிதான். மேலை 1231க்குப் பிறகு மாத்தினது."

"வடக்குக் கோபுரம் இல்லை சேர்."

"இருந்தது. 1840களிலை வெடிப்பு விழுந்து, கழட்டி இறக்கினவங்கள். கண்ணாடியிலையும் முக்கால்வாசி பிற்காலத்தது. எல்லாத்தையும் பழசெண்டு நம்பாதை."

கட்டடத்துக்குள் நின்று பார்த்தவன் நான். பிழை திருத்தியவர் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அதற்குப் பிறகு பல வருடங்கள் இப்படித்தான் போயின. எங்கேயாவது போனால் பாடம் ஒப்புவிப்பதுபோல் சொல்லவேண்டும். பாரிஸின் நோத்ர் டாம் பேராலயத்தின் கூரை விளிம்பில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் மிருகங்களைப் பற்றிச் சொன்னபோது, "பேயும் இல்லை பிசாசும் இல்லை, பீலி. மழைத்தண்ணி சுவரிலை படாமல் தூரத் துப்புறதுக்கு" என்றார். மேல்மாடத்தில் கன்னத்தில் கைவைத்து ஊரைப் பார்க்கிறதே ஒன்று, அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். பாரிஸில் இருக்கும் சென்ற் ஷப்பல் என்ற சிற்றாலயத்துக்கு அவரிடம் பெரிய மதிப்பில்லை. 1248இல் ஓர் அரசன் இயேசுவின் முள்முடியை வைக்கக் கட்டி முடித்த நகைப்பெட்டி அது என்பார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காலை வெயிலில் அங்கே ஒரு தடவை நின்றிருந்தால் அவரும் மாறியிருப்பார்.

அவர் மிகவும் நேசித்தது போவே நகரப் பேராலயத்தை. நோத்ர் டாமின் கல்வளைவு ஏறத்தாழ 33 மீற்றர், சார்த்ர் 37, அமியான் 42. போவேக்காரர் 48க்குப் போனார்கள். 1272இல் பீடப்பகுதி முடிந்தது, 1284இல் வளைவின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பிறகு தூண்களைக் கூட்டித் திருப்பிக் கட்டினார்கள். அதோடு நிற்காமல், பதினாறாம் நூற்றாண்டில் 150 மீற்றருக்கு மேல் கோபுரம் எழுப்பினார்கள்; முடித்த நாலாம் வருடம், 1573இல், அதுவும் விழுந்தது. நடுமண்டபத்தைக் கட்டவே இல்லை. அந்த இடத்தில் பத்தாம் நூற்றாண்டுச் சிறிய ஆலயம் ஒன்று இன்னும் இருக்கிறது. குடும்பத்தோடு போனேன். உள்ளே இப்போதும் மரச் சட்டங்களால் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியே ஐஸ்கிறீம் கேட்டுக்கொண்டிருக்க, நான் வெளிப்புற உதைகால்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். உள்ளே வெளிச்சத்தில் நிற்பவர்களுக்கு அவை கண்ணில் படாது.

ஒரு முறை அவரை இங்கே கூப்பிட்டுப் பார்த்தேன். விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் "சென் டெனி பார்க்க" என்று எழுதினாராம். விசா கிடைக்கவில்லை. திரும்பப் போடுவோம் என்றதற்கு, "கொப்பியிலை இருக்குத்தானே" என்று முடித்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு என்று காரணங்கள் அப்போது நிறைய இருந்தன.

2019 சித்திரை 15ஆம் திகதி நோத்ர் டாம் எரிந்தபோது அவரே வைபரில் எடுத்தார். அங்கே நடுச்சாமம். "எரியிறது மரக்கூரையோ, கல்வளைவோ?" வேறு ஒன்றும் கேட்கவில்லை. மேலே மரக்கூரை, அதன் கீழே கல்வளைவு; இரண்டும் வேறு வேறு. மரக்கூரை முழுக்கப் போனது. ஊசிக்கோபுரம் முறிந்து விழுந்து கல்வளைவில் ஓட்டை போட்டது. ஆனால் வளைவின் பெரும்பகுதி நின்று, நெருப்பைக் கீழே போகவிடாமல் தடுத்தது. மறுநாள் படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

சில மாதம் கழித்து உதைகால்களுக்குக் கீழே பெரிய மரச் சட்டங்கள் ஏற்றினார்கள். 28 உதைகால்களுக்கும். காரணம் மாஸ்ரரின் பாடத்திலேயே இருந்தது. உள்ளேயிருந்து தள்ளும் வளைவு பழுதானால், வெளியிலிருந்து தள்ளும் உதைகாலுக்கு எதிர் இல்லை. அது சுவரை உள்ளுக்குத் தள்ளிவிடும். அதைச் சொன்னேன்.

சிரித்தார். சிரித்து இருமினார். "அப்ப முண்டுக்கும் முண்டு!" என்றார். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்டைக்கு நல்ல வெயில், என்ன?" என்றார்.

"ஓம் சேர்."

"அதிபரும் யோசியாமல் அடிச்சுப்போட்டார்."

அவ்வளவுதான். பேச்சை மாற்றி, புதுக் கூரைக்கு ஓக் மரம் எங்கே எடுக்கப்போகிறார்கள் என்று கேட்டார். நான் இத்தனை காலம் அவரிடமிருந்து எதிர்பார்த்தது அதுவா என்று தெரியவில்லை. அதுவாகத்தான் இருக்கவேண்டும், ஏனென்றால் அன்றிரவு நித்திரை வரவில்லை.

2024 மார்கழி 7ஆம் திகதி நோத்ர் டாமைத் திரும்பத் திறந்தார்கள். கழுவித் துடைத்த கல் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. அந்தப் படங்களை அவருக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான நீல அடையாளம் வரவில்லை. சில நாளில் அவருடைய மகள் எடுத்தார்.

சங்கம் அவர் பெயரில் பரிசில் நிதி தொடங்குவது நல்ல காரியம். என் பங்கை அனுப்பிவிட்டேன். எனக்கு உறுத்துவது கொப்பிகள். யாரிடம் கொடுப்பது என்று மகள் கேட்டபோது, எனக்கு அனுப்புங்கோ என்று சொல்ல நா எழவில்லை. என் பிள்ளைகள் சென் டெனியில் பிறந்தவர்கள், தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. எனக்குப் பிறகு இந்த வீட்டில் அவற்றைத் திறப்பதற்கு ஆளில்லை. பாடசாலை நூலகத்துக்குக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாகிவிட்டது என்று அறிந்தேன். ஆவணி விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் யாராவது, அவை அலுமாரியில் இருக்கிறதா, இல்லை ஏதாவது பெட்டியில் கட்டிப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.