பாதியில் நிற்கும் விசில்

சேப்பாக்கத்தில் எனக்கு முன்வரிசையில் ஒரு பையன், பத்து வயது இருக்கும். அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார், சுற்றிலும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள், நான் விசிலை வாயில் வைத்துவிட்டேன். அவன் மட்டும் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "இருப்பா, ரிவியூ எடுப்பாங்க" என்றான். எடுத்தார்கள். நாட் அவுட். விசில் மறுபடி பாக்கெட்டுக்குள் போனது.

பறக்கும் ரயிலில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும்போதெல்லாம் அந்தப் பையன்தான் மனதில் நின்றான். விக்கெட் விழுந்தால் யோசிக்காமல் கத்தலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. எங்கள் தலைமுறை அதைப் பழகிவிட்டு இப்போது மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறது, பாதிக் கத்தல் கத்திவிட்டுத் திரையைப் பார்க்கிறது.

ரிவியூ கேட்டால் தேர்ட் அம்பயர் ரிப்ளே பார்த்து முடிவு சொல்கிற அந்த ஒன்றரை நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலில் பவுலரின் கால் கோட்டைத் தாண்டியதா, அப்புறம் பந்து பேட்டில் உரசிய சத்தத்தைக் காட்டும் அல்ட்ரா எட்ஜில் கோடு ஆடுகிறதா, அப்புறம் பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, ஸ்டம்பில் படுமா. தேர்ட் அம்பயர் பேசுவதும் டிவியில் கேட்கும். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் கேட்டது டிஜே போட்ட குத்துப்பாட்டுதான். வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, வெயிலில் காய்ந்து, தண்ணீர் பாட்டிலைக்கூட வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறவனுக்குத்தான் எல்லோரையும் விடக் குறைவாகத் தெரிகிறது.

அதிலும் 'அம்பயர்ஸ் கால்' வந்துவிட்டால் போச்சு. பந்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஸ்டம்பில் படும் என்று கணினி காட்டினால், மைதானத்தில் அம்பயர் முதலில் என்ன சொன்னாரோ அதுதான் முடிவு. கணினி காட்டுவது பந்து போயிருக்கக்கூடிய பாதை, போன பாதை இல்லை, அதனால் கொஞ்சம் இடம் விடுகிறார்கள் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் திரையில் பந்து பெயில்ஸை உரசுவது ஊருக்கே தெரிகிறது, கீழே 'நாட் அவுட்' என்று வருகிறது. பக்கத்து சீட்டு மாமாவுக்கு இதை நான் மூன்று தடவை விளக்கினேன். நாலாவது தடவை அவர் சமோசா வாங்கப் போய்விட்டார்.

இதற்காக ரிப்ளேயே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். 2008 சிட்னி டெஸ்ட்டை விடியற்காலையில் எழுந்து பார்த்தவன். ஆஸ்திரேலியாவின் சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருக்கும்போது இஷாந்த் பந்து பேட்டில் பட்ட சத்தம் எங்கள் வீட்டு ஹால் வரைக்கும் கேட்டது, அம்பயர் பக்னருக்குக் கேட்கவில்லை. சைமண்ட்ஸ் 162 அடித்து அவுட் ஆகாமலே போனார். அப்பா டிவியை அணைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அதே வருஷம் இலங்கையில் ரிவியூ முறையைச் சோதித்துப் பார்த்தபோது நமக்கு அது சரிப்படவில்லை, அப்புறம் 2016 வரைக்கும் நம் வாரியம் இரு நாட்டுத் தொடர்களில் அதைப் பெரும்பாலும் தள்ளியே வைத்தது. ஆனால் 2011 உலகக் கோப்பை அரையிறுதியில், பாகிஸ்தானின் அஜ்மல் பந்தில் சச்சினுக்கு அவுட் கொடுத்ததை இதே ரிவியூ காப்பாற்றி, 23 ரன்னில் போக வேண்டியவர் 85 அடித்தபோது எவரும் தொழில்நுட்பத்தைத் திட்டவில்லை. நானும்தான்.

எல்லா கேமராவையும் வைத்தும் தீராத வழக்கும் உண்டு. 2019 ஐபிஎல் ஃபைனல், தோனி ரன் அவுட். ஒரு கோணத்தில் பேட் உள்ளே, இன்னொரு கோணத்தில் வெளியே. ஒரு ரன்னில் தோற்றோம். மே மாதம் வந்தால் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் படம் திரும்ப வந்துவிடும், திதி கொடுப்பது மாதிரி.

ஆட்டம் நின்றால் இவ்வளவு எரிச்சல்படுகிற எனக்கு ஒரு காத்திருப்பு மட்டும் உறுத்துவதே இல்லை. பேட்ஸ்மேன் ஹெல்மெட்டில் பந்து பட்டு பிசியோ ஓடிவருகிற நேரம். ஒரு காலத்தில் பவுன்சர் தலையில் பட்டால் கைதட்டியவன்தான். 2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஹியூஸ் பவுன்சர் பட்டு இறந்த பிறகு அந்தக் கை எழவில்லை. அதற்கு முன்பே 1962 இல் நம் கேப்டன் நரி கான்ட்ராக்டர், பார்படாஸில் கிரிஃபித் பந்தில் மண்டை உடைந்து, பிழைத்ததே பெரிது என்று வந்தார், மறுபடி டெஸ்ட் ஆடவே இல்லை. ரசிகர்கள் எப்போதும் அடிபட்டும் ஆடுகிறவனைத்தான் கொண்டாடுவோம். 2019 லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் பந்து கழுத்தில் பட்டு விழுந்த ஆஸ்திரேலியாவின் ஸ்மித் திரும்பி வந்து 92 வரை போனபோது, அடடா என்று நானும் எழுந்து நின்றேன். மறுநாள் அவருக்குத் தலைவலி, கிறக்கம், ஆட்டத்தை விட்டே விலகினார். அவருக்குப் பதில் லபுஷேன், டெஸ்ட்டில் முதல் கன்கஷன் மாற்று வீரர், அதாவது தலையில் அடிபட்டவருக்குப் பதில் இறங்கி முழுசாக ஆடுகிறவர். நான் எதற்குக் கைதட்டினேன் என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அடிபட்டவர் மாதிரியே ஆடுகிறவர்தான் பதிலுக்கு வர வேண்டும் என்கிற இந்த விதியிலும் ஓட்டை இருக்கிறது. 2020 கான்பெராவில் ஜடேஜாவுக்கு ஹெல்மெட்டில் பட்டது, அவருக்குப் பதில் வந்த சாஹல் 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். நம் சேலம் நடராஜனின் முதல் டி20யும் அதுதான், அவரும் 3 எடுத்தார், அந்த சந்தோஷத்தில் நாம் ஒன்றும் கேட்கவில்லை. 2025 புனேயில் துபேக்குப் பதில் ஹர்ஷித் ராணா, அதாவது எப்போதாவது பந்து போடும் ஆல்ரவுண்டருக்குப் பதில் முழு வேகப்பந்து வீச்சாளர், அவரும் 3 விக்கெட். அப்போதைய இங்கிலாந்து கேப்டன் பட்லர் கடுப்பானது நியாயம், நம் எதிரணி அப்படிச் செய்திருந்தால் நான் இங்கே நாலு பதிவு எழுதியிருப்பேன். இருந்தும் தலை கிறுகிறுத்த ஒருவனை ஆட விடுவதற்கு இந்த ஏமாற்று எவ்வளவோ பரவாயில்லை. மாற்று வீரரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வைப்பது மேட்ச் ரெஃப்ரியின் வேலை, அதை அவர்கள் இன்னும் கறாராகச் செய்யட்டும்.

அன்றைக்கு சேப்பாக்கத்திலும் ஒருத்தருக்கு ஹெல்மெட்டில் பட்டது. டிஜேகூட பாட்டை நிறுத்திவிட்டார். எதற்காக நிற்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சமோசா மாமா உட்பட. ரிவியூவில் இல்லாதது அதுதான். 2023 மகளிர் கால்பந்து உலகக் கோப்பையில் விஏஆர் (வீடியோ ரெஃப்ரி) முடிவை ரெஃப்ரியே மைக்கில் மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். டிவியில் வருகிற தேர்ட் அம்பயர் குரலை ஸ்பீக்கரில் விடுவதற்கு என்ன பெரிய செலவாகிவிடப் போகிறது? குத்துப்பாட்டை ஓவர் முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள்.