பெருமாள்மலையில் பூண்டு உரித்த நாட்கள்

திண்டுக்கல்லில் கொடைக்கானல் பஸ் ஏறுகிறவர்கள் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வது டம்டம் பாறை வளைவுக்காகத்தான். அங்கே எதிர்மலையில் தலையாறு அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து ஒற்றை நூலாக இறங்கும். எலிவால் அருவி என்போம். இந்த முறை ஜன்னல் சீட்டு கிடைத்தும் நான் அதைப் பார்க்கவில்லை. ஊத்து தாண்டிய பிறகுதான் வளைவு போய்விட்டதே தெரிந்தது.

அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. தீப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பேன். உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர்தான், "பெருமாள்மலையில ஒரு ஜென் மையம் இருக்கு. நாலு நாள் போய் சும்மா உட்கார்ந்துட்டு வா" என்றார். சும்மா இரு என்பது எனக்குப் புதிய வார்த்தை இல்லை. அருணகிரிநாதருக்கு முருகன் சொன்னதாகக் கேட்டு வளர்ந்ததுதான். எங்கள் வீட்டில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது தாத்தா காலத்திலிருந்து வழக்கம். இப்போதும் கைப்பையில் பழனி விபூதிப் பொட்டலம் இருந்தது. புத்தர் இடத்துக்கு அதைக் கொண்டுபோகலாமா என்று வத்தலக்குண்டு தாண்டும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

கொடைக்கானலுக்குச் சில கிலோமீட்டர் முன்பு, பழனிச் சாலை பிரிகிற இடம் பெருமாள்மலை. சுற்றுலா வண்டிகள் டீ குடிக்க நிறுத்திவிட்டு மேலே போய்விடும். டீச்சர் சொன்ன ஜென் மையமான போதி ஜெந்தோ அங்கேதான் இருக்கிறது. 1996இல் தொடங்கியது. தொடங்கியவர் ஒரு கத்தோலிக்கக் குரு, இயேசு சபையைச் சேர்ந்தவர் என்பது நான் எதிர்பார்க்காதது.

அருள் மரிய ஆரோக்கியசாமி என்ற ஆமா சாமி அடிகளார் 1936இல் பர்மாவில் பிறந்த தமிழர். குருவான பிறகும் அவருக்குள் தேடல் அடங்கவில்லை. ரமணர் அவரை ஈர்த்தார். ஜென் வழியை அவருக்குக் காட்டியவர் ஹுகோ லசால் என்ற ஜெர்மானிய இயேசு சபைக் குரு. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த நாளில் அந்த நகரத்துக்குள்ளேயே இருந்து காயத்தோடு பிழைத்தவர் லசால். பிறகு ஆமா சாமி ஜப்பானுக்குப் போய்க் காமகுராவில் யமதா கோவுன் என்ற ஆசானிடம் பயின்றார். யமதா துறவி இல்லை, குடும்பஸ்தர். 1982இல் கற்பிக்கும் அனுமதி பெற்றுத் திரும்பினார் ஆமா சாமி. குருப்பட்டத்தைத் துறக்கவில்லை. திருப்பலியும் ஜென்னும் அவருக்குள் சேர்ந்தே இருந்தன.

இதைத் தெரிந்துகொண்டதும் என் விபூதிப் பொட்டலம் கொஞ்சம் லேசானது.

முதல் நாள் உட்கார்ந்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 25 நிமிடம் உட்கார வேண்டும், பிறகு வரிசையாக மெதுவாக நடக்க வேண்டும், திரும்ப உட்கார வேண்டும். கண்ணைப் பாதி திறந்து வைத்து, மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்று. நான் நான்கைத் தாண்டவில்லை. நான்காவது மூச்சில் அம்மாவின் இருமல் சத்தம் வந்துவிடும்.

எனக்கு அந்த இடம் பிடிபட்டது மண்டபத்தில் இல்லை, பூண்டுக் கூடைக்கு முன்னால்தான். காலையில் ஆளுக்கொரு வேலை செய்ய வேண்டும். உழைப்பும் தியானத்தில் சேர்ந்ததுதான் என்பது ஜென் வழக்கம். எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கிடைத்தது பூண்டு. மலைப்பூண்டு, 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் பூண்டு. நம் கடைப் பூண்டு மாதிரி வெளேரென்று இருக்காது; பழுப்பேறி, புகை வாசம் அடிக்கும். பல் சின்னது, தோல் இறுகப் பிடித்திருக்கும். பேசாமல் உரிக்க வேண்டும். என் இடப்பக்கம் ஒரு கன்னியாஸ்திரீ, வலப்பக்கம் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர்.

சிஸ்டர் நகத்தால் அடிப்பக்கத்தைக் கிள்ளித் தோலை ஒரே இழுப்பில் எடுத்தார். பெரியவர் இரண்டு பல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தோலை உதிர்த்தார். அவர் கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்து, நடுவில் கறுப்பு ஏறியிருந்தது. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மா செய்கிற மாதிரி அரிவாள்மனையின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினேன். அந்தச் சத்தத்துக்கு இருவரும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடனே கண்ணில் தண்ணீர் வந்தது. பூண்டுக்குக் கண் எரியாது என்பது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பேச்சு டீ வேளையில்தான் தொடங்கியது. சிஸ்டர் தூத்துக்குடிப் பக்கம். சாகப்போகிறவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் பல வருஷம் செவிலியாக இருந்தவர். "நான் இயேசுவை விட்டுட்டு வரலைம்மா. ஜெபம் பண்ணிப் பண்ணி வார்த்தை தீர்ந்துபோச்சு. வார்த்தையில்லாம எப்படி இருக்கிறதுன்னு தெரியலை, அதுக்காக வந்தேன்" என்றார். இரண்டு ஜெர்மன்காரர்கள் இருந்தார்கள், அவர்களோடு எனக்குப் பேச வாய்க்கவில்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தம்பி, இரவு ஷிப்ட்டில் கம்ப்யூட்டர் வேலை செய்து தூக்கத்தைத் தொலைத்தவன். தூக்கத்துக்காக கோயங்கா வழியிலான பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போயிருக்கிறான். "ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடித்தாங்க்கா கோயங்காவே தியானத்துக்குப் போனாரு" என்று உற்சாகமாகச் சொன்னான். உண்மைதான். கோயங்காவும் பர்மாவில் பிறந்தவர், வியாபாரி. 1955இல் ஊ பா கின் என்ற அரசு அதிகாரியிடம் போனபோது, தலைவலிக்காக மட்டும் தம்மத்தை, புத்தர் சொன்ன வழியை, கேட்காதே என்று அவர் முதலில் மறுத்துவிட்டாராம். 1969இல் இந்தியா வந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கினார் கோயங்கா.

அந்தத் தம்பி இப்போது தன்னைப் பௌத்தன் என்றே சொல்லிக்கொள்கிறான். "வீட்ல அம்மாதான் ஒத்துக்கலை. சோத்தைப் போட்டுட்டுப் பேசாம உள்ள போயிடறாங்க" என்றான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் இறங்கியது.

பெரியவர் கோலார் தங்கவயல்காரர். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடுகிற வரைக்கும் வேலை பார்த்தவர். "நீங்க எப்போ ஐயா புத்தமதத்துக்கு வந்தீங்க?" என்று தம்பி கேட்டான். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் வரலை தம்பி. என் தாத்தாவோட அப்பா வந்தாரு. எங்க வீட்ல நான் நாலாவது தலைமுறை. ஆனா உட்கார்ந்து தியானம் பண்றது எனக்கு இதுதான் முதல் தடவை. அதனால இங்க நானும் புதுசுதான்."

அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் பௌத்தத்துக்கு வந்த குடும்பம் அது. அவர் பெயரை நான் பாடப்புத்தகத்தில் நடத்தியிருக்கிறேன். ஒரு குடும்பத்துக்குள்ளே அவர் பெயர் எப்படிப் புழங்கும் என்பதை அன்றுதான் கேட்டேன். பெரியவருக்கு அவர் 'பண்டிதர்', அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது போலச் சொன்னார். 1845இல் காத்தவராயன் என்ற பெயரில் பிறந்தவர், ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டவர், சித்த மருத்துவர். நீலகிரியில் வளர்ந்து, 1870களில் அங்கேயே அத்வைதானந்த சபை தொடங்கியவர். எல்லாம் ஒன்று என்கிற தத்துவத்தைப் படித்தவருக்குக் கோயில் வாசலில் மட்டும் ஒன்று இரண்டாகிவிட்டது. 1891 டிசம்பரில் நீலகிரியில் திராவிட மகாஜன சபை மாநாடு கூடிப் பத்துத் தீர்மானங்கள் போட்டது. மலை ரயில் குன்னூருக்கே 1899இல்தான் வந்தது. அந்தக் குளிரில் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஏறிப் போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த வருஷம் சென்னையில் ஒரு மகாஜனக் கூட்டம். நீலகிரிப் பிரதிநிதியாகப் போன பண்டிதர், எங்களைச் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் விடுவீர்களா என்று கேட்டார். உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகளே எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உழுவதற்குத் தரிசு நிலமும் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தார் பண்டிதர். 1898இல் பிரம்மஞான சபையின் ஆல்காட் உதவியோடு இலங்கைக்குப் போய் பௌத்த தீட்சை பெற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகை. தங்கவயலில் சங்கத்தின் கிளைகள் வேர்பிடித்தன. ரங்கூனிலும் கிளை இருந்தது. யார் பேசினாலும் பேச்சு பர்மாவைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

"ஷிப்ட் முடிச்சு வந்து ஒருத்தர் பத்திரிகையைச் சத்தமா வாசிப்பாராம், மத்தவங்க சுத்தி உட்கார்ந்து கேப்பாங்களாம். தீபாவளிக்கு எங்க வீட்லயும் எண்ணெய் தேச்சுக் குளிப்போம். நரகாசுரனுக்காக இல்லை. எள்ளுல எண்ணெய் எடுக்கக் கண்டுபிடிச்ச நாள்னு பண்டிதர் எழுதியிருக்காரும்பாரு தாத்தா" என்றார் பெரியவர்.

தம்பிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கும் அதே சந்தேகம்தான், கேட்கத் துணிச்சல் இல்லை. "இங்க யாரும் எதையும் விடச் சொல்லலையே ஐயா. சிஸ்டர் சிஸ்டராவே இருக்காங்க. ஆனா 1956 அக்டோபர்ல நாக்பூர்ல அம்பேத்கர் எடுத்த 22 உறுதிமொழியில, இந்தச் சாமியைக் கும்பிட மாட்டேன், அந்தச் சாமியைக் கும்பிட மாட்டேன்னு அத்தனை மாட்டேன் ஏன்?"

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா கொண்டுவந்த?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்று வரை தெரியவில்லை. நெற்றியில் தழும்பாகவே இருக்கிறதோ என்னவோ. பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். முருகனை விட்டுவிட வேண்டுமா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் மூன்று நாளாகச் சுமந்துகொண்டிருந்த கேள்வியையும் சொன்னேன்.

"நீ எதுக்கும்மா விடணும்? உன்னை யாரும் அந்தக் கோயில் வாசல்ல நிறுத்தலையே" என்றார். பிறகு தம்பியிடம், "எங்களை நிறுத்தினாங்க. மதுரை மீனாட்சி கோயில்ல எங்க ஆளுங்க நுழைஞ்சது 1939 ஜூலையில. என் தாத்தாவோட அப்பா அதுவரைக்கும் காத்திருக்கலை" என்றார்.

அன்று மாலை உட்கார்ந்தபோது மூச்சை எண்ண முடியவில்லை. அந்த ஒரு வாக்கியமே ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு தைப்பூசம் நடந்திருக்கிறேன். சண்முக நதியில் குளித்துப் படியேறி ஆண்டிக்கோலத்தில் நிற்கிற முருகனைப் பார்த்திருக்கிறேன். வரிசையில் நின்றதுதான் எனக்குத் தெரிந்த தடை. எதையும் விடாமல் புத்தரிடம் வரலாம் என்பது எனக்கும் சிஸ்டருக்கும் கிடைத்த வசதி, அது நல்ல வசதிதான். பெரியவரின் முன்னோருக்கு அது போதாது. மற்றவர்கள் தலையில் ஏற்றி வைத்த சுமையை நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்லித்தான் இறக்க வேண்டும். அத்தனை 'மாட்டேன்' அதற்காக. இதை அந்தத் தம்பியிடமும் மறுநாள் சொன்னேன். அவன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நான் இதை நம்புகிறேன்.

கடைசி நாள் காலையிலும் பூண்டுதான். பெரியவரிடம் கேட்டேன், நாலு தலைமுறைக்குப் பிறகு இப்போது எதற்குத் தியானம் என்று. பேசக் கூடாத நேரம், ஆனாலும் மெல்லச் சொன்னார். "பஞ்சசீலம் சொல்லித் தந்தாங்க, படிக்கச் சொன்னாங்க, நிமிர்ந்து நடக்கச் சொன்னாங்க. உட்காரத்தான் எங்களுக்கு நேரம் கிடைக்கலை. பூமிக்கு அடியில மூணு கிலோமீட்டர் கூண்டுல இறங்கறப்போ யாரும் பேச மாட்டோம்மா. அவனவன் மூச்சு அவனவனுக்குக் கேக்கும். சுரங்கம் மூடின பிறகு அந்தச் சத்தம் காதுல கேக்கவே இல்லை. அதைத் தேடி வந்தேன்."

"கேட்டுச்சா ஐயா?"

"நேத்து கொஞ்சம்."

பெருமாள்மலை முக்கில் எங்கள் வழி பிரிந்தது. அவருக்குக் கொடைரோட்டில் ரயில், வத்தலக்குண்டு வழியாகப் போகிற பஸ் முதலில் வந்தது. ஏறுவதற்கு முன்னால் என் கையில் ஒரு தாள் பொட்டலத்தைத் திணித்தார். முக்குக் கடையில் வாங்கிய மலைப்பூண்டு, கால் கிலோ இருக்கும். வீட்டுக்கு, என்றார்.

நான் பழனி பஸ்ஸில் ஏறினேன். அந்தச் சாலையில் கூட்டம் குறைவு. காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கி, ஒரு திருப்பத்தில் சமவெளி திறந்துகொள்ளும். தூரத்தில் பழனி மலை, கைக்குள் அடங்குகிற அளவுக்கு. நடத்துநர் சில்லறைக்காகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் கை தானாகக் குவிந்து முகத்துக்கு வந்தது. விரலெல்லாம் பூண்டு வாசம்.