ஒரே தொட்டி, மூன்று பிஎச்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்த கையோடு, சொட்டு விட்டால் கலர் மாறும் சொட்டு கிட்டில் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) பார்த்தேன். பச்சை, அதாவது 7.0. மீன் தொட்டித் தண்ணீரைப் பார்த்தால் நல்ல நீலம், கலர் அட்டையின் கடைசிக் கட்டமான 7.6. பேனா மாதிரி இருக்குமே அந்த டிஜிட்டல் மீட்டர், அதை அதே தொட்டியில் விட்டால் 6.7 காட்டியது. எதை நம்புவது?

நான் கிட்டை நம்பினேன். தொட்டிக்குள் ஏதோ ஒன்று பிஎச்சை ஏற்றுகிறது என்று முடிவு கட்டி, மீன் கடையில் கேட்டு, பிஎச் குறைக்கும் அமிலத்தை வாங்கி வந்து ஊற்றினேன். அன்று மாலை இறங்கியது, மறுநாள் பழையபடி ஏறியது, மறுபடி ஊற்றினேன். மூன்றாம் நாள் கப்பி மீன்கள் எல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. அதைப் பார்த்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உடனே ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வைத்துவிட்டு, முதலில் அளப்பதைச் சரி செய்வோம், அப்புறம் தண்ணீரைத் தொடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தப்பு பக்கெட்டில். நிலத்தடி நீரில் கார்பன் டை ஆக்சைடு நிறைய கரைந்திருக்கும், அது தண்ணீரில் கார்பானிக் அமிலமாக நிற்பதால் பிடித்தவுடன் பார்த்தால் பிஎச் குறைவாகத்தான் காட்டும். காற்று பட்டு வாயு வெளியேற வெளியேற பிஎச் தானாக ஏறும். அன்றிரவு அதே போர் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து ஏர் ஸ்டோனை (காற்றைக் குமிழியாக விடும் கல்) போட்டு 24 மணி நேரம் குமிழி விட்டேன். பிடித்தவுடன் பச்சையாக வந்த தண்ணீர் இப்போது தொட்டித் தண்ணீரைப் போலவே நீலமாக வந்தது. தொட்டிக்குள் எதுவும் பிஎச்சை ஏற்றவில்லை, எங்கள் தண்ணீரே அப்படித்தான். அமிலம் ஊற்றினாலும் திரும்பத் திரும்ப ஏறியதற்கும் இதேதான் காரணம்: அமிலம் தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது, பிஎச் இறங்குகிறது, மீன் மூச்சுக்குத் தவிக்கிறது, வாயு வெளியே போனதும் பிஎச் மறுபடி ஏறுகிறது.

இரண்டாவது தப்பு கிட்டை நான் படித்த விதத்தில். சாதாரண சொட்டு கிட்டில் இருப்பது பெரும்பாலும் புரோமோதைமால் புளூ என்ற கலர் மாறும் சாயம், 6.0-இல் மஞ்சள், 7.0-இல் பச்சை, 7.6-இல் நீலம், அதற்கு மேல் என்ன இருந்தாலும் அதே நீலம்தான். கடைசிக் கட்டம் வந்தால் ‘7.6 அல்லது அதற்கு மேல்’ என்று எடுத்துக்கொண்டு, அதிக பிஎச்சை அளப்பதற்கான, 7.4-இல் தொடங்கும் ஹை ரேஞ்ச் பாட்டிலால் இன்னொரு முறை பார்க்க வேண்டும். நான் பார்த்தபோது 8.0-க்கும் 8.2-க்கும் நடுவில் வந்தது. பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறுகிறது, நேராகக் கவிழ்த்துத்தான் விட வேண்டும். சோதனைக் குழாயின் வாயை விரலால் அடைத்துக் குலுக்காதீர்கள், மூடியைப் போட்டு மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். கலரை ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். செடித் தொட்டிக்கான எல்இடி விளக்கில் ஒருவித ரோஸ் சாயல் இருக்கும், அந்த வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் குழம்பிவிடும்.

அப்புறம் மீட்டர். மூடியைக் கழற்றியதும் தெரிந்தது, அடியிலிருக்கும் கண்ணாடிக் குமிழ் காய்ந்து அதன் மேல் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. அந்தக் கண்ணாடி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் ஆர்ஓ தண்ணீரிலோ டிஸ்டில்டு வாட்டரிலோ ஊற வைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் உப்பு வெளியேறிக் குமிழ் கெட்டுப்போகும். பொட்டாசியம் குளோரைடு கரைசல் நாலைந்து சொட்டு மூடிக்குள் விட்டு மூடி வைக்க வேண்டும். மீட்டருடன் வரும், கரைத்தால் பிஎச் இவ்வளவு என்று முன்பே தெரிந்த 6.86 பொடியையும் 9.18 பொடியையும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து (இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டரே போதும்) காலிபரேட் செய்தேன், அதாவது மீட்டர் அந்த எண்ணையே காட்டும்படி திருத்தினேன். நம் தண்ணீர் 8 பக்கம் இருந்தால் 4.00 பொடியைவிட 9.18 பொடிதான் உதவும். நம் ஊர் வெயிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 9.18 என்பது 25 டிகிரியில் மட்டும், 35 டிகிரியில் அதே கரைசல் 9.10 ஆகிவிடும். குமிழை ஒரு நாள் ஊற வைத்து, காலிபரேட் செய்து, தொட்டியில் விட்டேன், 8.1. எண் ஓடுவது நிற்கும் வரை ஒரு நிமிடமாவது பொறுங்கள், விட்டவுடன் காட்டுவதை எழுதி வைக்காதீர்கள்.

செடி இருக்கும் தொட்டியில் நேரமும் முக்கியம். இரவில் செடியும் மீனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை விடுவதால் விளக்கு போடும் முன் பிஎச் குறைவாக இருக்கும், பகலெல்லாம் செடி அதை உறிஞ்சுவதால் மாலையில் கூடும். என் தொட்டியில் காலையில் 7.8, மாலையில் 8.1. இப்போது நோட்டில் எண்ணோடு மணியையும் எழுதுகிறேன். கடைக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பவர்கள் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, காற்று இல்லாமல் மூடி எடுத்துப் போங்கள், பாதி பாட்டில் வண்டியில் குலுங்கிப் போனால் வாயு வெளியேறி வேறு எண் வரும்.

கப்பிக்கு 8.1 ஒரு பிரச்சினையே இல்லை, நான் அமிலம் ஊற்றியிருக்கவே வேண்டாம். ஆனால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷயத்தில் இந்த எண் ரொம்ப முக்கியம். 25 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் விஷமான பகுதி 0.6 சதவீதம் போல, 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். 6.7 காட்டிய அந்த மீட்டரை நம்பியிருந்தால், அமோனியா கிட்டில் லேசாகப் பச்சை தெரிந்தாலும் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். அதனால் இப்போது அமோனியா பார்க்கும் நாளெல்லாம் அதே குவளைத் தண்ணீரில் பிஎச்சையும் பார்த்துவிடுகிறேன்.