முதலில் நியூயார்க், அப்புறம்தான் நியூஜெர்சி

வீடு நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியில், ஆபீஸ் நியூயார்க்கின் மன்ஹாட்டனில். பாத் ரயிலில் ஆற்றைத் தாண்டிப் போய்வருவதற்கு இரண்டு மாநிலத்துக்கும் வருமான வரிக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 2024 மார்ச்சில்தான் உறைத்தது.

கம்பெனி தரும் வருடாந்தரச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 கையில் வந்தது. அதில் 16ஆம் பெட்டியில் என் முழுச் சம்பளமும் நியூயார்க் பேரில். அதற்குக் கீழேயே நியூஜெர்சி பேரில் இன்னும் கொஞ்சம் கூடுதலான தொகை. ஒரே சம்பளத்தை இரண்டு தடவை போட்டுவிட்டார்கள் என்று பேரோல் ஆட்களுக்கு மெயில்கூட அனுப்பினேன். தப்பில்லையாம். மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கும் பணத்தை நியூஜெர்சி வருமானத்திலிருந்து கழிப்பதில்லை, அதனால்தான் அந்தக் கூடுதல்.

வரி மென்பொருளில் நியூஜெர்சி படிவத்தை முதலில் நிரப்பினேன். நான்காயிரம் டாலருக்கு மேல் பாக்கி என்று காட்டியது. வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆபீஸில் பழைய ஆள் ஒருவர் சிரித்தார். "முதலில் வெளிமாநிலத்தவருக்கான நியூயார்க் படிவம், ஐடி-203ஐ முடிங்க. அங்கே உங்களுக்கு விதிக்கிற வரிக்கு நியூஜெர்சி தன் படிவத்தோடு சேர்ந்த சிஓஜே அட்டவணையில் கழிவு கொடுக்கும்." அதில் போட வேண்டியது டபிள்யூ-2வில் பிடித்த தொகை அல்ல, ஐடி-203 கணக்கிட்ட வரி.

அடுத்து எனக்கு ஒரு பேராசை. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்துதானே வேலை? சமையலறை காலண்டரில் அந்த நாட்களையெல்லாம் சுழித்து, எண்ணி, நியூயார்க் கணக்கிலிருந்து கழித்தேன். படிவத்தின் குறிப்புகளைப் படித்ததும் அத்தனையும் வீண். நம் வசதிக்காக வீட்டில் செய்தால் அதுவும் நியூயார்க்கில் வேலை செய்த நாளாகத்தான் கணக்கு. முதலாளியின் கட்டாயத் தேவை என்றால்தான் விலக்கு. அந்த நாட்களுக்கும் நியூஜெர்சி கழிவு தருகிறது, சரி. ஆனால் நியூயார்க் வரி அதிகம், கழிவோ நியூஜெர்சி வரியளவுக்கு மட்டும். மிச்சம் போனது போனதுதான். பென்சில்வேனியாவில் குடியிருந்து நியூஜெர்சியில் வேலை பார்க்கும் நண்பனுக்கு இந்தத் தலைவலியே இல்லை. இரு மாநிலத்துக்கும் ஒப்பந்தம் இருப்பதால் ஆபீஸில் என்ஜே-165 என்ற படிவத்தைக் கொடுத்துவிட்டு, சம்பளத்துக்குச் சொந்த மாநிலத்தில் மட்டும் கட்டுகிறான்.

என் மனைவிக்கு நியூஜெர்சியிலேயே எடிசனில் வேலை. அவள் சம்பளத்தில் நியூயார்க் நேரடியாகக் கை வைப்பதில்லை. ஆனால் எங்கள் இருவர் வருமானத்தையும் சேர்த்துத்தான் வரி போட்டு, அப்புறம் என் பங்கைப் பிரிக்கிறது. வரி விகிதம் ஏறிவிடுகிறது.

கடைசியில் நியூஜெர்சிக்குக் கட்டியது 140 டாலர். ஆகஸ்டில் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது, நியூயார்க் படிவத்தின் நகல் வேண்டுமென்று. நல்லவேளை, சேமித்து வைத்திருந்தேன்.